சொட்டு அண்ணன்

அந்தக் காரில் ஏறிய முதல் நாளே, இறங்கி நடந்து போய்விடலாமா என்றுதான் எனக்கு இருந்தது.

பின்னால் வந்த ஓட்டோ எங்களைக் கடந்து போனது. அதற்குப் பின்னால் மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் கடந்து போனது. பிறகு, அல்லாஹ்வே, பேக்கரிப் பாண் விற்கிற வண்டி தன் பாட்டைப் போட்டுக்கொண்டு, வாசல் வாசலாக ஆட்களைப் பார்த்துப் பார்த்து ஆறுதலாக எங்களைக் கடந்து போனது. பாண்காரர் எங்கள் காருக்குள் எட்டிப் பார்த்து, "மாலு பாண் வேணுமா?" என்று கேட்டார். ஓடிக்கொண்டிருக்கிற காரிடம் யாராவது அப்படிக் கேட்பார்களா? நாங்கள் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

"அண்ணன், பள்ளிக்கூட மணி அடிச்சிடும்," என்றேன் பின் சீட்டிலிருந்து.

"அடிக்காது டீச்சர்," என்றார். காலை அழுத்தாமல் அதே வேகத்தில் ஓட்டினார். நாங்கள் வாசலில் இறங்கி, நான் சேலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே கால் வைத்த பிறகுதான் மணி அடித்தது. அன்றைக்கு மட்டுமல்ல, அந்தக் காரில் போன எந்த நாளும் நான் பிந்தியதில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலைத்தான் தந்தது.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேருக்கு அது தெரியவும் தெரியாது. சந்தியில் நிற்கிற ஓட்டோக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் சொட்டு ஐயா. ஒரு சொட்டுப் பெற்றோலைக்கூட வீணாக எரிக்கமாட்டார் என்பதால் வந்த பெயர். எனக்கு அவர் சொட்டு அண்ணன். முகத்துக்கு நேரே வெறும் அண்ணன்.

சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு வன்னியிலிருந்து மாற்றலாகி, புத்தளம் கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோருக்குக் கிளாக்கராக வந்தார். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், என்னுடைய பள்ளிக்கூடத்துக்கே விஞ்ஞான ஆசிரியராக வந்தார். நான் வரலாறு படிப்பிக்கிறவள். என்னுடைய ஸ்கூட்டி அப்போது மாதத்தில் பாதி நாள் கராஜில்தான் குடியிருந்தது. "எங்கட காரில வாங்கோவன்," என்று அக்கா கூப்பிட்டார். அப்படித்தான் நான் அந்த எண்ணூறு சீசீ பெட்டிக்குள் ஏறினேன்.

முன் சீட்டில் அக்கா. பின் சீட்டில் நான். பக்கத்தில் என்னுடைய பை. அந்தப் பைமேல் அவருக்கு ஒரு கண். ஒரு நாள் விடைத்தாள் கட்டுகளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தேன். அவர் கட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இவ்வளவும் இண்டைக்கே திருத்தப் போறீங்களோ டீச்சர்?"

"இல்ல அண்ணன். கொஞ்சம் கொஞ்சமாத்தான்."

"அப்ப கொஞ்சம் கொஞ்சமாக் கொண்டு வரலாமே. பாரத்தையும் பெற்றோல்தான் சுமக்குது."

எனக்கு வந்த கோபத்தில், நானே கொஞ்சம் பாரம்தான், என்னையும் பாதிப் பாதியாக ஏற்றுங்கள் என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "இந்த மனிசன் என்னைக் கட்டினதுக்கு ஒரு பெற்றோல் செட்டுக்காரன்ர வீட்டில போய்ப் பொம்பிளை கேட்டிருக்கலாம் டீச்சர். கஞ்சன்! என்ர ஐயா அம்மாவும் விசாரிக்காமல் குடுத்திட்டினம்."

அக்கா ஏச ஏச, அண்ணனின் முகத்தில் ஒரு திருப்தி வரும். ஏச்சு வாங்குவதில் என்ன திருப்தி என்று நான் யோசித்திருக்கிறேன்.

அவருடைய ஓட்டத்தை ஓட்டம் என்று சொல்ல முடியாது, உருட்டல் என்றுதான் சொல்ல வேண்டும். ரயில் கடவை மூடியிருக்கிறது என்று எங்கள் கண்ணுக்குத் தெரியும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். பள்ளிவாசல் மதிலுக்கு நேரே அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். கார் தன்பாட்டில் உருண்டு உருண்டு போகும். பின்னால் சீமெந்து லொறிக்காரன் ஹோனிலேயே படுத்துக் கிடப்பான். எங்கள் கார் கடவையை எட்டவும் தண்டு மேலே எழும்பவும் சரியாக இருக்கும். அவசரமாக முன்னே ஓடிப்போய் நின்றவர்களெல்லாம் அப்போதுதான் கியர் போட்டுக்கொண்டிருப்பார்கள். தண்டு எழும்பாத நாட்களில் இஞ்சினை நிற்பாட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்.

"பெற்றோலை எரிச்சு எடுத்த வேகம் டீச்சர். பிரேக்கைப் பிடிச்சா அவ்வளவையும் றோட்டில கொட்டுறம். என்னத்துக்குக் கொட்டுவான்?"

புத்தளத்துக் கழுதைகளைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் வீதியில் அவையும் குடிமக்கள். நடுத்தெருவில் நின்று யோசிக்கும், ஒரு யோசனைக்கும் வராது. எல்லோரும் ஹோன் அடிப்பார்கள், திட்டுவார்கள், கடைசி நேரத்தில் பிரேக்கில் ஏறி மிதிப்பார்கள். சொட்டு அண்ணன் தூரத்திலேயே சொல்லிவிடுவார்.

"அந்தக் கரும்பழுப்பு இப்ப குறுக்க வரும்."

"எப்படி அண்ணன் தெரியும்?"

"காதைப் பாருங்கோ. இஞ்சால திரும்பியிருக்கு."

சொன்னபடியே அது குறுக்கே வரும். கார் அது போகும்வரை மெள்ள உருண்டு, அதற்குப் பின்னால் நழுவிப் போகும். இத்தனை வருடம் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான் ஒரு கழுதையின் காதைக் கவனித்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் காரைப் பின்பக்கமாக எடுத்து, மூக்கு வெளியே தெரிய நிறுத்துவார். இஞ்சின் சூடாக இருக்கும்போதே திருப்பி விட்டால், விடியக் காலையில் குளிர்ந்த இஞ்சினோடு முன்னுக்கும் பின்னுக்கும் மல்லுக்கட்டத் தேவையில்லையாம். சந்தைக்கு, மருந்துக் கடைக்கு, தபால் கந்தோருக்கு என்று தனித்தனியாக இஞ்சினை எழுப்பமாட்டார். எல்லாவற்றையும் ஒரே சுற்றில் முடிப்பார், அதுவும் எந்த இடத்திலும் வலது பக்கம் திரும்பக் காத்து நிற்காதபடி வழி போட்டு. எங்கள் ஊரில் அவருடைய காரைப் பெற்றோல் செட்டில் பார்த்தால், "ஐயா, வழி தவறி வந்திட்டீங்களா?" என்று பம்புக்காரப் பொடியன் பகிடி பண்ணுவான்.

ஒரு விடயம் மட்டும் எனக்கு இடித்தது. சந்தைக்குப் பக்கத்துக் குறுக்குத் தெருவால் போனால் பள்ளிக்கூடம் கிட்ட. ஆனால் அது முழுக்கக் குழி. அவர் ஒரு நாளும் அதற்குள் திரும்பமாட்டார். மன்னார் வீதிப் பக்கமாகச் சுற்றி, புதிதாகத் தார்க் காப்பட் போட்ட வீதியால்தான் போவார்.

"சுத்திப் போனா பெற்றோல் கூடத்தானே அண்ணன்?"

"குழியில விழுந்து எழும்ப எவ்வளவு பெற்றோல் போகும் தெரியுமே டீச்சர்?"

எனக்கென்ன தெரியும்? நான் கண்டி இராச்சியம் எப்படி விழுந்தது என்று சொல்லிக் கொடுப்பவள். குழிக்கும் பெற்றோலுக்கும் என்ன உறவு என்று விஞ்ஞானம் படிப்பிக்கிற அக்காதான் சொல்ல வேண்டும். அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு களப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் அண்ணனைப் பற்றிச் சொல்ல முடியாது. கடைசிச் சண்டையில் விழுந்த செல் குண்டின் துண்டு ஒன்று அக்காவின் முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் இன்னும் இருந்தது. எடுத்தால் ஆபத்து, விட்டுவிடுங்கள் என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்களாம். நடக்கும்போது ஒரு பக்கம் இலேசாகச் சாய்வார், அவ்வளவுதான். உற்றுப் பார்க்காவிட்டால் தெரியாது. உற்றுப் பார்த்தால் அக்காவுக்குக் கெட்ட கோபம் வரும்.

எங்கள் பள்ளிக்கூட அதிபர் நல்ல மனுஷன், ஆனால் எங்கே வாயை மூட வேண்டும் என்று தெரியாதவர். ஒரு நாள் காலைக் கூட்டத்தில், முழுப் பள்ளிக்கூடமும் நின்றுகொண்டிருக்கும்போது, "பிள்ளைகளே, விஞ்ஞான டீச்சருக்கு ஒரு கதிரை கொண்டு வாங்க, அவங்க பாவம்," என்று மைக்கில் சொன்னார். கதிரை வந்தது. அக்கா அதில் தன்னுடைய பையை வைத்துவிட்டுக் கூட்டம் முடியும்வரை நிமிர்ந்து நின்றார். அடுத்த கிழமை அதிபர் அக்காவிடம் கேட்காமலே, மேல்மாடி வகுப்பை எல்லாம் எடுத்துக் கீழே போட்டார். அடுத்த நாள் அக்கா பள்ளிக்கூடம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

சொட்டு அண்ணன் எங்கள் கேற்றடியில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அவ வெளிக்கிடமாட்டன் எண்டுறா டீச்சர். நான் என்ன உடைஞ்ச சாமானே எண்டு கேக்கிறா." கேற்றுக் கம்பியைத் தடவினார். "ஆசுப்பத்திரியால வந்த பிறகு வருசக்கணக்கா இப்பிடித்தான். சுவரைப் பாத்துக்கொண்டு இருப்பா. பாவம் பாவம் எண்டு சொல்லிச் சொல்லியே சனம் அவவை இருத்திப் போட்டுது. இந்தப் பள்ளிக்கூடம் கிடைச்ச பிறகுதான் திரும்பச் சண்டை பிடிக்கத் தொடங்கினவ. இன்னொருக்கா அந்தச் சுவருக்கு முன்னால இருக்க விட்டனெண்டா, அதுக்குப் பிறகு என்னால அவவை எழுப்பேலாது."

அதுவரை பெற்றோலைத் தவிர வேறு எதைப் பற்றியும் அந்த மனிதர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு நெஞ்சு கனத்தது. நெஞ்சு கனத்தால் எனக்கு அழுகை வராது, வாய்தான் நீளும். விடிந்ததும் அதிபரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாடவேளை முழுக்கக் கதைத்தேன். மத்தியானத்துக்கு முன் அக்காவின் பாடங்கள் நேரசூசியில் பழையபடி மேல்மாடிக்கு ஏறிவிட்டன. அடுத்த நாள் காரில், "கெதியா ஏறுங்கோ டீச்சர், இந்தக் கஞ்சன்ர கார் தள்ளினாத்தான் ஓடும்," என்று அக்கா சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

என் வீட்டுக்காரருக்குக் குருநாகல் வீதியில் டயர் கடை. அவருக்கு ஊரில் உள்ள வண்டிகளின் சில்லைத்தான் தெரியும், சில்லைப் பார்த்துத்தான் ஆளையே அடையாளம் சொல்வார். ஒரு நாள் பகல் சாப்பாட்டில் இருந்துகொண்டு சிரித்தார்.

"இஞ்ச பாருங்க, உங்கட சொட்டு ஐயாவுக்கு என்ன, பைத்தியமா?"

"ஏன், என்ன செஞ்சார்?"

"கெழமைக்கு ஒருக்கா வந்து காத்துப் பாக்குறார். நான் சரியான அளவுக்கு அடிச்சிக் குடுக்கிறன். அவர் நாலு சில்லுக்கும் குந்தி இருந்து, கொஞ்சம் கொஞ்சமாத் தொறந்து வுடுறார். காத்துக் கொறஞ்சா வண்டி இழுக்கும், பெற்றோல் கூடக் குடிக்கும். ஓட்டோக்காரனுக்கும் தெரிஞ்ச விசயம். அப்பிடிப்பட்ட கஞ்சன் காத்தக் கூடவல்லவா அடிக்கணும்?"

"நீங்க சொல்லலையா?"

"சொன்னனே. பழக்கம், எண்டார். என்ன பழக்கமோ! மெத்த மாதிரிக் குலுங்காமத்தான் போகும், அது உண்மை."

சோறு பிசைந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. மெத்தை மாதிரிக் குலுங்காமல். குழித் தெருவுக்குள் திரும்பாத கார். பிரேக் பிடிக்காத கார். வேகத்தடையில் ஏறும்போது ஆளே மூச்சுப் பிடித்துக்கொண்டு, வீதியை விட்டு ஒரு கணம் அக்காவின் பக்கம் போய்வருகிற அவருடைய கண். இத்தனை மாதம் பின் சீட்டில் இருந்து நான் என்னத்தைத்தான் பார்த்தேன்? அவர் மிச்சம் பிடித்தது பெற்றோலை இல்லை. பெற்றோல் அதோடு சேர்ந்து மிஞ்சியது, அவ்வளவுதான்.

வீட்டுக்காரரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நல்லவர்தான், ஆனால் அவர் வாயில் போட்டது கடை முழுக்கப் பரவும்.

மறுநாள் காரில் ஏறியதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அண்ணன், டயர்ல காத்து..." என்று தொடங்கிவிட்டேன். கண்ணாடியில் அவருடைய கண் என்னைப் பார்த்தது. நான் அதிபரோடு சண்டை போட்டவள், கல்விக் கந்தோரில் மேசையைத் தட்டியவள். அந்தக் கண்ணுக்கு முன்னால் என் வாய் தானாக மூடிக்கொண்டது. அவ்வளவு கெஞ்சல் அதில்.

"என்ன டீச்சர், டயருக்கு என்ன?" என்றார் அக்கா.

"ஒண்டுமில்ல அக்கா. எங்கட வீட்டுக்காரர் கடைக்குப் புது டயர் வந்திருக்காம்."

"இவருக்கோ? தேஞ்சு நூல் தெரியும் வரைக்கும் மாத்தமாட்டார் கஞ்சன்."

அண்ணன் காலை எடுத்தார். கார் உருண்டது.

அவருக்கு ஒரு முறை கடும் காய்ச்சல் வந்தது. அன்று அக்காவின் பிள்ளைகளுக்குச் செய்முறைப் பரீட்சை, போகாமல் இருக்க முடியாது. அவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து காரின் திறப்பை என் கையில் தந்தார். தந்துவிட்டு விடவில்லை. மதிலடியில் காலை எடுங்கோ, வளைவில சுக்கானைப் பறிக்காதேங்கோ, குறுக்குத் தெருவால போகாதேங்கோ.

"பெற்றோல் கவனம் டீச்சர்," என்றார் கடைசியாக.

நான் கதைக்கிற மாதிரித்தான் கார் ஓட்டுவேன். ஆனால் அன்று, என் பிள்ளைகள் மேல் ஆணை, முட்டைக் கூடையை மடியில் வைத்திருப்பதுபோல ஓட்டினேன். மதிலடியில் காலை எடுத்தேன். எல்லாம் சரியாகத்தான் வந்தது. கடவைக்குக் கிட்ட ஒரு கழுதை நின்றது, காதையும் பார்த்தேன், அது அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு குட்டி நின்றதை நான் காணவில்லை. குட்டி துள்ளிக்கொண்டு வந்தது. பிரேக்கை மிதித்தேன்.

அக்கா சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு கையும் முன்னால் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக வந்தது. நான் காரை ஓரம் கட்டினேன். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தேன். அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அக்கா கண்ணைத் திறந்து, ஒரு மிடறு குடித்தார்.

"இப்ப விளங்குதோ டீச்சர், அந்த மனிசன் ஏன் கஞ்சன் எண்டு?"

"உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"நான் படிப்பிக்கிறது என்ன பாடம்? உராய்வும் அமுக்கமும் வருசா வருசம் பிள்ளையளுக்குக் கரும்பலகையில எழுதுறன். காத்து இறங்கின டயரைப் பூட்டிக்கொண்டு, பெற்றோல் மிச்சம் பிடிக்கிறன் எண்டு என்னட்டயே சொல்லுற மனிசனை நான் என்ன செய்ய? குழியில விழுந்தாப் பெற்றோல் போகுமாம்!" சிரிக்கப் பார்த்தார், வலித்தது, நிறுத்திக்கொண்டார்.

"பிறகு ஏன் அக்கா நாள் முழுக்க அவருக்கு ஏசுறீங்க?"

"ஏசாட்டி?" என்றார். "ஏசாமல், நீங்கள் எனக்காகத்தானே மெள்ள ஓடுறீங்கள் எண்டு ஒரு நாள் கேட்டனெண்டா, அண்டையில இருந்து நான் இந்தக் காரில ஒரு நோயாளி. அவர் என்னைக் கொண்டு போய் இறக்கி ஏத்துற ஆள். இப்ப அப்பிடி இல்லை. அவர் ஒரு கஞ்சன், நான் ஒரு கஞ்சன்ர மனிசி. அது பறவாயில்லை டீச்சர். அதோட நான் எங்கயும் போய் வருவன்." போத்தலை மூடித் தந்தார். "அவரிட்டச் சொல்லிப் போடாதேங்கோ."

"வல்லாஹி, சொல்லமாட்டன்," என்றேன். அதிலிருந்து இரண்டு பேருடைய இரகசியமும் என் வயிற்றில். என்னைப்போன்ற ஒரு வாயாடிக்கு அல்லாஹ் வைத்த சோதனையைப் பாருங்கள்.

பின்னேரம் நாங்கள் திரும்பி வந்தபோது அவர் போர்வையோடு கேற்றடியில் நின்றார். முதலில் அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகுதான் குனிந்து பெற்றோல் முள்ளைப் பார்த்தார்.

"முள்ளு இறங்கியிருக்கே," என்றார்.

"பின்ன? டீச்சர் பறந்தெல்லோ போனவ. உங்களை மாதிரி ஊர்ந்துகொண்டோ போவா? இண்டைக்குத்தான் கார் எண்டா என்ன எண்டு நான் அறிஞ்சன்," என்று சொல்லிக்கொண்டே அக்கா நிமிர்ந்து உள்ளே நடந்தார். படியில் கால் வைக்கும்போது மட்டும் கதவைப் பிடித்தார்.

பிறகு, நாட்டில் பெற்றோல் இல்லாமல் போன அந்த வருடம் வந்தது. செட்டில் தொடங்கிய வரிசை வளைந்து வளைந்து களப்புப் பக்கம் வரை நின்றது. கார், ஓட்டோ, மோட்டார் சைக்கிள், வெறும் கான்களோடு ஆட்கள். யாரும் இஞ்சினை எழுப்பவில்லை, முன்னால் இடம் விட்டால் கையால் தள்ளிக்கொண்டு நகர்ந்தார்கள். ஊரையே பகிடி பண்ண வைத்த சொட்டு ஐயா அப்போது ஊருக்கே பேராசிரியராகிவிட்டார். எல்லோருடைய டாங்கியும் காய்ந்து, மாதக்கணக்காக வண்டிகள் மதிலோரம் நின்றபோதும் அந்தப் பெட்டிக் கார் உருண்டுகொண்டே இருந்தது. கடைசியில் அதுவும் ஒரு நாள் காய்ந்து வரிசைக்கு வந்தது.

நான் வரிசையில் நின்ற என் வீட்டுக்காரருக்குப் பிளாஸ்கில் தேத்தண்ணீர் கொண்டு போயிருந்தேன். அவருடைய வான் வண்டிக்கு முன்னால் சொட்டு அண்ணனின் கார். முன் சீட்டில் அக்கா, மடியில் விடைத்தாள்கள். வீட்டில் இருங்கள் என்று யார் சொல்லியும் கேட்கவில்லையாம். "கஞ்சனைத் தனிய விட்டா அரை லீற்றரோட திரும்பி வந்திடும்," என்றார் என்னிடம்.

ஓட்டோக்காரர்கள் அண்ணனைச் சுற்றி நின்றார்கள். அந்தப் பெயரை வைத்தவர்களே.

"ஐயா, எங்களுக்கும் சொல்லித் தாங்க. என்னதான் செய்றீங்க?"

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. காலை எங்கே எடுப்பது, கியரை எப்போது மாற்றுவது, பாரத்தை எப்படிக் குறைப்பது என்று கைகளால் காட்டிக் காட்டிச் சொன்னார். பொடியன்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். திருத்துவதுபோலப் பேனாவைப் பிடித்துக்கொண்டு, அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"எல்லாம் சரி ஐயா, முதல் பாடத்த வுட்டுட்டீங்களே! டயருக்குக் காத்து நல்லாக் கெட்டியா அடிக்கணும் எண்டு நாங்க எல்லாருக்கும் சொல்றம். நீங்க மட்டும் ஏன் எப்பவும் தொறந்து வுடுறீங்க? பெற்றோல் கூடத்தானே குடிக்கும்?"

ஓர் ஓட்டோக்காரர் குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தார். "ஓம், மெத்த மாதிரி இருக்கு! ஐயா, இது என்ன கணக்கு?"

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். பெற்றோலைப் பற்றி எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிற மனிதர், காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். முன் சீட்டுப் பக்கம் திரும்பவே பயந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, என் வீட்டுக்காரரை அந்தப் பிளாஸ்காலேயே அடித்திருப்பேன். இத்தனை வருடம் அவர் கட்டிக் காத்தது இத்தனை பேருக்கு முன்னால் ஒரு டயரால் உடையப் போகிறது. யாராவது ஒருத்தர், ஓ, இந்த அம்மாவின் முதுகுக்காகவா, பாவம், என்று சொல்லிவிட்டால் போதும்.

ஜன்னலால் அக்காவின் தலை வெளியே வந்தது.

"தம்பியவை, உங்களுக்குத் தெரியாதே? எங்கட மனிசன் காத்திலயும் கஞ்சன்! நாலு சில்லுக்கும் நிறைய அடிச்சா உலகத்தில காத்து முடிஞ்சு போயிடும் எண்டு பயம்!"

வரிசையே வெடித்துச் சிரித்தது. என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "காத்திலயும் கஞ்சன், காத்திலயும் கஞ்சன்" என்று சொல்லிக்கொண்டு ஓட்டோக்காரர்கள் அதைப் பின்னால் நின்றவர்களுக்குக் கடத்தினார்கள். சொட்டு அண்ணன் சிரிக்கவில்லை. மெள்ளத் திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா அதற்குள் குனிந்து, ஒரு விடைத்தாளில் யாருக்கோ பெரிய சரி போட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்கு எல்லாம் தெரியும் என்று அந்த நேரம் அண்ணனுக்கும் தெரிந்ததா? எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு ஓய்வு பெற்று அவர்கள் வவுனியாப் பக்கம் போகும்வரை, இரண்டு பேரும் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

முன்னால் வரிசை அசைந்தது. "தள்ளுங்க, தள்ளுங்க," என்று சத்தம் வந்தது.

"நான் இறங்கிறன், பாரம் குறையும்," என்றார் அக்கா.

"நீர் இரும். முன்னுக்குப் பாரம் இருந்தாத்தான் நேராப் போகும்," என்றார் அண்ணன்.

அவர் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து வைத்து, ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு தோளைக் கொடுத்தார். நான் பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் போய் இரண்டு கையையும் டிக்கியில் வைத்தேன்.

"மெள்ள டீச்சர், மெள்ள. குலுக்காதேங்கோ," என்றார். "குலுக்கினாப் பெற்றோல் வீணாகும்."

டாங்கியில் பெற்றோல் இல்லை. மணத்துக்குக்கூட இல்லை. இஞ்சின் இரண்டு நாளாக எழும்பவே இல்லை.

"ஓம் அண்ணன்," என்று சொல்லிவிட்டு, நான் மெள்ளத் தள்ளினேன். கார் ஒரு சிறு உதறல்கூட இல்லாமல் உருளத் தொடங்கியது. முன் சீட்டிலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"கேட்டீங்களே டீச்சர்? கஞ்சன்!"